இடிபாட்டை நான்கு குவியலாகப் பிரித்தால் குளங்கள் பிழைக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

குமரி மாவட்டத்தில் பழைய வீட்டை இடிப்பவருக்கு இடிபாட்டைப் பற்றிய கவலை அரை நாள்கூட இருப்பதில்லை. ஜேசிபிக்காரரே டெம்போவுக்கும் டிப்பருக்கும் சொல்லிவிடுகிறார். லோடு எங்கேயோ போய்விடுகிறது. அந்த 'எங்கேயோ' பெரும்பாலும் ஒரு வயலாகவோ, குளத்தங்கரையாகவோ, ஓடைப் புறம்போக்காகவோ இருக்கிறது. வயலை மனையாக்க நினைப்பவர், மேலே செம்மண் பரப்புவதற்கு முன்னால் அடியில் போட இதைத்தான் தேடுகிறார். ஆக, இடிபாட்டுக்கு நம் ஊரில் ஆள் இருக்கிறது. அந்த ஆள் நீர்நிலையை மூடுகிறவராக இருப்பதுதான் தொல்லை. 'இங்கே கொட்டாதீர்கள்' என்ற பலகையால் இது நிற்காது. இதே சரக்கை நல்ல வேலைக்குக் கேட்கிற ஆள் உருவாக வேண்டும். அவர் கேட்கும் தரத்தில் சரக்கும் இருக்க வேண்டும். இரண்டும் இடிக்கிற நாளிலேயே தீர்மானமாகிவிடுகின்றன.

முதலில் அளவைப் பார்ப்போம். 1,000 சதுர அடியில் ஒற்றை மாடி கான்கிரீட் வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். 9 அங்குலச் சுவர் மொத்தம் 150 அடி நீளம், 10 அடி உயரம். கதவு ஜன்னல் இடத்தைக் கழித்தால் செங்கல் கட்டு ஏறத்தாழ 950 கன அடி, எடை 48 டன். நாலரை அங்குல மேல்தளம் 375 கன அடி, 25 டன். தரைக் கான்கிரீட் 20 டன், பூச்சு 7 அல்லது 8 டன். அஸ்திவாரக் கருங்கல்லைச் சேர்க்காமலேயே 100 டன் வந்துவிடுகிறது. உடைந்து உதிரியான இடிபாடு ஒரு யூனிட், அதாவது 100 கன அடி, நாலு டன்னுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். ஆக ஒரு வீட்டுக்கு 26 யூனிட். இரண்டு யூனிட் டிப்பரில் 13 லோடு. இந்த 13 லோடும் ஒரு குளத்தில் இறங்கி, இடுக்குகளில் சேறும் அடைந்துவிட்டால், அந்தக் குளம் 70,000 லிட்டருக்கு மேல் தண்ணீர் பிடிக்கும் இடத்தை இழக்கிறது. நம் குளங்கள் தனித்தனியானவை அல்ல என்பதையும் நினைக்க வேண்டும். ஒன்று நிரம்பி வழியும் மறுகால் தண்ணீர்தான் அடுத்ததற்கு வரத்து. தண்ணீர் வந்துசேரும் வரத்துக்கால் வாயில் பத்து லோடு விழுந்தாலே கீழே உள்ள குளமும் வயலும் சேர்ந்து பாதிக்கப்படும். உலக முக்கியத்துவம் உள்ள நீர்நிலைகளின் ராம்சர் பட்டியலில் 2022-இல் இடம்பெற்ற சுசீந்திரம் - தேரூர் நீர்நிலைகளும் இத்தகைய தொடர்ச்சியில்தான் உயிர்வாழ்கின்றன.

சட்டம் இல்லாமல் இல்லை. 2016 மார்ச்சில் மத்திய அரசு கட்டிடக் கழிவுகளுக்கென்றே தனி விதிகளை அறிவித்தது. ஒரு நாளில் 20 டன், அல்லது ஒரு பணியில் மாதம் 300 டன் கழிவு உண்டாக்குபவர், அதைக் கான்கிரீட், மண், இரும்பு-மரம்-பிளாஸ்டிக், செங்கல்-காரை என்று நான்காகப் பிரிக்க வேண்டும் என்றன அவை. அகற்றும் திட்டத்தை உள்ளாட்சியிடம் முன்கூட்டியே கொடுக்கவும் சொன்னன. இது அடுக்குமாடிகளுக்கான விதி என்று பலர் நினைத்தார்கள். மேலே சொன்ன சாதாரண வீட்டை ஜேசிபி வைத்து மூன்று நாளில் இடித்தால் நாளொன்றுக்கு 30 டன்னைத் தாண்டுகிறது. அதாவது ஒற்றை வீடே அந்த வரம்புக்குள் வந்துவிடும். ஐந்து லட்சத்துக்குக் குறைவான மக்கள் வாழும் ஊர்களுக்கு, மறுசுழற்சி ஏற்பாட்டைச் செய்து முடிக்க அந்த விதிகள் கொடுத்த அவகாசம் மூன்று ஆண்டு. அவற்றுக்குப் பதிலாக 2025-இல் அறிவிக்கப்பட்டு, 2026 ஏப்ரல் 1-ஐ அமல் நாளாகக் குறித்த புதிய விதிகள், உற்பத்தியாளர் பொறுப்பை, அதாவது கழிவை உண்டாக்கியவரே அதன் மறுசுழற்சிக்குப் பொறுப்பேற்கும் கடமையை, 20,000 சதுர மீட்டருக்கும் அதற்கு மேலும் உள்ள கட்டுமானங்களின் மீது வைக்கின்றன. அது 2.15 லட்சம் சதுர அடி. நம் மாவட்டத்தில் இடிபடுபவை பெரும்பாலும் 800, 1,200 சதுர அடி வீடுகளும் சாலையோரக் கடைகளும்தான். அந்த வலையில் இவை சிக்கா. ஆகவே பொறுப்பு மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சிகளின் தலையில்தான் இருக்கிறது.

இடிக்கும் முறைக்கு வருவோம். ஜேசிபி முதல் நாளே சுவரில் கை வைத்தால் எல்லாம் கலந்துவிடும். கலந்தபின் பிரிக்க, இடிப்பதற்கு ஆன கூலியைவிட அதிகம் ஆகும். யாரும் செய்ய மாட்டார்கள். வரிசை இப்படி இருக்க வேண்டும். முதலில் மின் இணைப்பும் தண்ணீரும் துண்டிப்பு. பிறகு ஒயர், பைப், கழிவறைப் பீங்கான், கதவு, ஜன்னல், கிராதி. ஓட்டு வீடு என்றால் ஓட்டைக் கையால் இறக்கி அடுக்க வேண்டும். நல்ல ஓட்டுக்கும், தேக்கு, அயினி, பலா மரத்துக்கும் இங்கே எப்போதும் விலை உண்டு. இதுவரை எல்லாரும் செய்கிறார்கள், ஏனென்றால் காசு வருகிறது. அடுத்த படியில்தான் தவறுகிறோம். ஜிப்சம் கூரைத் தட்டி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வேலைப்பாடு ஆகியவற்றைச் சுவர் இடிபடுவதற்கு முன்பே கழற்றி வெளியேற்ற வேண்டும். ஜிப்சத்தில் இருப்பது சல்பேட். அது நொறுங்கி ஜல்லியோடு கலந்து புதுச் சிமெண்டோடு சேர்ந்தால், ஈரம் பட்டுப்பட்டு உள்ளேயே பருத்துக் கான்கிரீட்டை வெடிக்க வைக்கும். ஒரு அறையின் கூரைத் தட்டி போதும், ஒரு லோடு நல்ல ஜல்லியைக் கெடுக்க.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்குத் தனிக் கவனம் வேண்டும். சமையலறைச் சார்ப்பு, மாட்டுத்தொழுவம், வண்டி நிறுத்தும் இடம் என்று எங்கும் அது இருக்கிறது. அதை உடைக்கக் கூடாது, அறுக்கக் கூடாது, மேலேயிருந்து தள்ளிவிடக் கூடாது. நன்றாகத் தண்ணீர் தெளித்து, போல்ட்டைக் கழற்றி, முழு ஷீட்டாக இறக்கி, கனமான பிளாஸ்டிக் தாளில் சுற்றிக் கட்டி, அபாயக் கழிவாக ஒப்படைக்க வேண்டும். உடைந்த விளிம்பிலிருந்து பறக்கும் நார் கண்ணுக்குத் தெரியாது. நுரையீரலில் போய்த் தங்கினால் வெளியே வராது. இறக்குகிற தொழிலாளிக்குத் துணி கட்டினால் போதாது, நுண்தூசியைத் தடுக்கும் முகமூடி கொடுக்க வேண்டும். இந்த ஷீட் எந்த நிலையிலும் இடிபாட்டை ஜல்லியாக உடைக்கும் கிரஷருக்குள் போகக் கூடாது.

இதற்குப் பிறகுதான் மேல்தளம். மற்ற எதுவும் கலக்காதபடி பிரேக்கரால் உடைத்து, அந்தக் கான்கிரீட்டை ஒரு மூலையில் குவிக்க வேண்டும். கம்பியைப் பிரித்தெடுக்கும்போது துண்டுகளில் நீளமாக மீதி நீட்டிக்கொண்டிருக்க விடக் கூடாது. கிரஷரின் தாடையில் சிக்குவதும், பெல்ட்டைக் கிழிப்பதும் அந்த நீட்டல்தான். இப்படிப்பட்ட ஒரு தளத்திலிருந்து 800 கிலோவுக்குக் குறையாமல் கம்பி கிடைக்கும். ஆக்கர் கடையில், அதாவது பழைய இரும்புக் கடையில், வரும் பணமே பிரேக்கர் வாடகையில் ஒரு பகுதியைத் தாங்கும். துண்டுகள் ஒன்றரை அடிக்கு மேல் பெரிதாக இருந்தால் சிறிய கிரஷர் வாங்காது. தளம் போனபின் சுவர். அதன்பின் தரை. கடைசியாக அஸ்திவாரம்; அதன் கருங்கல்லைக் கழுவிக்கூடப் பார்க்க வேண்டாம், அப்படியே அடுத்த அஸ்திவாரத்துக்கும் மதிலுக்கும் போகும்.

செங்கல்லில் ஒரு வேறுபாடு இருக்கிறது. சுண்ணாம்புச் சாந்திலோ மண் சாந்திலோ கட்டிய பழைய சுவரில், கொத்துக்கரண்டியால் தட்டினால் கல் முழுதாகக் கழன்று வரும். இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டும்போது மணிபோல் ஒலிக்க வேண்டும். 24 மணி நேரம் தண்ணீரில் போட்டு எடுத்தால், உலர்ந்த எடையில் 20 சதவீதத்துக்கு மேல் கூடக் கூடாது. தேறியதை மதிலுக்கும் பாரம் தாங்காத தடுப்புச் சுவருக்கும் தைரியமாக வைக்கலாம். வெள்ளையாக உப்புப் பூத்த கல்லைத் தள்ளிவிட வேண்டும்; புதுப் பூச்சை அது உதிர்த்துவிடும். சிமெண்டுச் சாந்தில் கட்டிய கல் முழுதாக வராது. சாந்து கல்லைவிடக் கெட்டி. தட்டினால் கல்தான் உடையும். அது உடைகல்லாகத்தான் பயன்படும்.

உடைகல்லுக்கும் நல்ல வேலை இருக்கிறது. மொட்டை மாடியில் மழைநீர் இறங்காமலிருக்கச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்து இடித்துப் போடும் தளம் தமிழ்நாட்டுப் பொதுப்பணித் துறை விவரக்குறிப்பிலேயே உள்ளது: 20 மில்லிமீட்டர் செங்கல் ஜல்லி 32 பங்குக்குச் சுண்ணாம்பு பன்னிரண்டரைப் பங்கு. இரண்டு பருவமழையும் நனைக்கிற நம் மாவட்டத்துக்கு இது பழகிய வேலைதான். ஆனால் இதற்குச் சாந்து ஒட்டாத, நன்றாக வெந்த செங்கல் வேண்டும். சிமெண்டு அப்பிய துண்டு சுண்ணாம்போடு பிடிக்காது. ஆகவே செங்கல் குவியலிலும் சுண்ணாம்புச் சாந்துக் கல், சிமெண்டுச் சாந்துக் கல் என்று இரண்டாக வைத்தால் விலை கூடும்.

வீட்டுத் தரைக்கு அடியில் நிரப்பவும் உடைகல் உதவும். அதைச் செய்கிற முறையில்தான் கெடுதல் வருகிறது. தலையணை அளவுத் துண்டுகளைத் தூக்கிப் போட்டு மேலே மண் பரப்பிவிடுகிறார்கள். முதல் மழையில் மண் இடுக்குகளுக்குள் இறங்கிவிடும், தரை தாழும், டைல்ஸ் வெடிக்கும். மூன்று அங்குலத்துக்கு மேல் எந்தத் துண்டும் இருக்கக் கூடாது. எட்டு அங்குலம் பரப்பி, இடுக்கு நிரம்பப் பாறைப்பொடி தூவி, தண்ணீர் விட்டு, திமிசு போட்டு இடித்து இறுக்கி, அதன்பின்தான் அடுத்த எட்டு அங்குலம். மரத்துண்டு, சாக்கு, அட்டை ஒன்றும் உள்ளே போகக் கூடாது. அவை மக்கிப் பள்ளம் விழுவது ஒரு பக்கம், கரையானுக்கு நாமே வீடு கட்டிக் கொடுப்பது இன்னொரு பக்கம்.

கான்கிரீட் குவியல்தான் இவற்றில் மதிப்பு மிக்கது. ஜல்லிக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 383, 2016-இல் திருத்தப்பட்டபோது இதற்கு இடம் கொடுத்துவிட்டது. கான்கிரீட்டை மட்டும் உடைத்துப் பெற்ற ஜல்லியைக் கம்பி இல்லாத கான்கிரீட்டில் 25 சதவீதம் வரையும், கம்பிக் கான்கிரீட்டில் எம்-25 தரம் (எண் கூடினால் பலம் கூடும்) வரைக்கும் 20 சதவீதமும், எம்-15-க்குக் கீழான மெலிந்த கான்கிரீட்டில் முழுவதுமாகவும் சேர்க்கலாம். செங்கல்லும் டைல்ஸும் கலந்த இடிபாட்டு ஜல்லிக்கு அந்தத் தயவு இல்லை. மெலிந்த கான்கிரீட்டைத் தவிர வேறெதிலும் சேர்க்கக் கூடாது. ஒரே வீட்டின் ஒரே கான்கிரீட், தனியாக இருந்தால் ஒரு தகுதி, கலந்துவிட்டால் வேறு தகுதி. பிரித்தல் எவ்வளவு பணம் பெறும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

பழைய ஜல்லியைச் சேர்க்கும் கொத்தனார்கள் முதல் நாளே சொல்லும் குறை, 'தண்ணீரைக் குடிக்கிறது' என்பது. உண்மைதான். கருங்கல் ஜல்லி தன் எடையில் ஒரு சதவீத அளவுக்குத்தான் தண்ணீர் இழுக்கும். பழைய சாந்து ஒட்டியிருக்கும் ஜல்லி 3 முதல் 8 சதவீதம் வரை இழுக்கும். உலர்ந்த நிலையில் மிக்சரில் போட்டால், கலவைக்கு ஊற்றிய தண்ணீரை அது உறிஞ்சிக்கொள்ள, கால்மணி நேரத்தில் கலவை இறுகிப்போகும். கையாள் உடனே இன்னொரு வாளி ஊற்றுவார். பலம் போவது அந்த வாளியில்தான், ஜல்லியில் குற்றமில்லை. முந்தின நாள் மாலையே குவியலை நன்றாக நனைத்து, ஈரச்சாக்கு போட்டு மூடி, காலையில் மேல் ஈரம் மட்டும் வடிந்த நிலையில் அளந்து போட வேண்டும். இப்படி முன்நனைத்துப் பயன்படுத்துவதானால் 10 சதவீதம் வரை உறிஞ்சும் ஜல்லியையும் ஐ.எஸ். 383 ஏற்கிறது. சோதிக்க ஆய்வகம் வேண்டியதில்லை: நன்றாகக் காயவைத்த ஜல்லி இரண்டு கிலோ எடுத்து, 24 மணி நேரம் ஊறவைத்து, துணியால் மேல் ஈரத்தை ஒற்றி மறுபடி நிறுத்துப் பாருங்கள். 100 கிராம் கூடினால் 5 சதவீதம்.

கடற்கரை ஊர்களின் இடிபாட்டை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டும். நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை, உப்புக்காற்றில் பல ஆண்டு நின்ற கான்கிரீட்டுக்குள், கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும் குளோரைடு இறங்கியிருக்கும். அந்த ஜல்லியைப் புதிய கம்பிக் கான்கிரீட்டில் போட்டால், துருவை நாமே எடுத்துப்போய்ப் புது வீட்டில் வைத்ததாக ஆகும். கம்பிக் கான்கிரீட்டில் ஒரு கன மீட்டருக்கு 0.6 கிலோவுக்கு மேல் குளோரைடு கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. ஆகவே கடலோர வீடுகளின் கான்கிரீட்டைக் கம்பி இல்லாத வேலைகளுக்கு மட்டும் ஒதுக்க வேண்டும்: பேவர் பிளாக், நடைபாதை ஓரக்கல், அஸ்திவாரத்துக்கு அடியில் போடும் 1:4:8 (சிமெண்டு, மணல், ஜல்லி) கான்கிரீட், சாலை அடித்தளம். அங்கே உப்பால் கெடுவதற்குக் கம்பியே இல்லை.

சாலைக்கு எந்த அளவில், எப்படிப் போடுவது என்பதற்கு இந்தியச் சாலைகள் பேரவையின் ஐ.ஆர்.சி. 121 - 2017 வழிகாட்டி இருக்கிறது. நம் ஊராட்சிச் சாலைகளின் கீழ்ப்படுகைக்கு இதுவே போதும். கவனிக்க வேண்டியது செங்கல்லின் பங்கு. ரோலர் ஏறும்போது செங்கல் மாவாகி, அந்த மாவு ஈரம் பிடித்துவைத்து, மழைக்காலத்தில் சாலை தொய்யும். கான்கிரீட் ஜல்லி மேலோங்கியிருக்க வேண்டும். களிமண் கலக்கக் கூடாது. ஒரு தடவைக்கு 15 முதல் 20 சென்டிமீட்டருக்கு மேல் பரப்பக் கூடாது.

இனி யார் என்ன செய்வது என்பது. பெரிய ஆலை கேட்டுக் காத்திருக்க வேண்டாம். சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் உள்ளவை போன்ற நாளுக்கு 400 டன் ஆலைகளுக்கு இங்கே ஒரே இடத்தில் சரக்கு சேராது; சேர்த்தால் லாரி வாடகை தின்றுவிடும். இடிபாட்டைச் சேர்த்துவைத்து உடைக்கத் தாலுகாவுக்கு ஒன்றாக 50 சென்ட் மேட்டுநிலம் போதும். அதில் 15 மீட்டருக்கு 15 மீட்டர் இடம் நான்கு ஒதுக்கினால் 1,400 டன் வரை, அதாவது மேலே சொன்ன அளவில் 14 வீடுகளின் இடிபாடு நிற்கும். மணிக்கு 50 டன் உடைக்கும் நடமாடும் கிரஷர் ஒன்று ஆறு தாலுகாவையும் சுற்றிவந்தால், கான்கிரீட், செங்கல் குவியல்களை ஓரிடத்தில் மூன்று நாளில் முடித்துவிடும். இயந்திரத்தில் இரும்பை இழுக்கும் காந்தம், 40, 20, 10, 4.75 மில்லிமீட்டர் சல்லடைகள், தூசிக்குத் தண்ணீர்த் தெளிப்பு ஆகியவை கட்டாயம். இந்த நிலம் குளத்தங்கரையில் இருக்கவே கூடாது. புதிதாக உடைத்த கான்கிரீட் குவியலில் விழுந்து வடியும் மழைநீர் கடுங்காரமாக இருக்கும், மீனுக்கு ஆகாது. சுற்றிலும் வாய்க்கால் வெட்டி ஒரு தொட்டியில் தேக்கி, அந்தத் தண்ணீரையே தூசி அடக்கவும் ஜல்லி நனைக்கவும் பயன்படுத்தலாம். கைவிடப்பட்ட பாறைக்குவாரிப் பள்ளங்களை இதற்குக் காட்டுகிறவர்கள் உண்டு. அவற்றில் பல இன்று தண்ணீர் நிற்கும் இடங்கள். அங்கே கொட்டுவதும் குளத்தில் கொட்டுவதும் ஒன்றுதான்.

மேற்சொன்னதெல்லாம் நடந்தாலும், வாங்க ஆள் இல்லாவிட்டால் குவியல் குவியலாகவே கிடக்கும். உள்ளாட்சிப் பொறியாளர் நல்ல மனதோடு இருந்தாலும், அரசின் விலை அட்டவணையில் இல்லாத பொருளை எஸ்டிமேட்டில் எழுத முடியாது; எழுதினால் தணிக்கையில் மாட்டுவார். மறுசுழற்சி ஜல்லி, மறுசுழற்சிப் பேவர் பிளாக் இரண்டையும் தனி வரியாக விலை அட்டவணையில் ஏற்றுவதே முதல் வேலை. அரசு, உள்ளாட்சி ஒப்பந்தங்களில் 10 முதல் 20 சதவீதம் இந்தப் பொருள் இருக்க வேண்டும் என்பது 2016 விதிகளிலேயே இருந்தது. அட்டவணையில் வரி இல்லாமல் அது ஏட்டில் நின்றுபோனது.

இன்னொன்று வைப்புத்தொகை. பழைய வீடு நிற்கும் மனையில் புது வீட்டுக்கு அனுமதி கேட்பவரிடம் இடிக்கும் பரப்பைக் குறித்துக்கொண்டு, சதுர அடிக் கணக்கில் ஒரு தொகையை வாங்கி வைக்கலாம். 1,000 சதுர அடிக்கு 100 டன் வரவேண்டும் என்பது மேலே போட்ட கணக்கு. தானே மறுபடி பயன்படுத்தும் செங்கல், தரைநிரப்புக்கு 40 டன்வரை கழித்துவிடுங்கள். மீதி 60 டன்னுக்குத் தாலுகாக் குவியலிடத்தின் எடைச் சீட்டைக் காட்டினால் தொகை முழுவதும் திரும்பக் கிடைக்க வேண்டும். பிரித்துக் கொண்டுவந்தவரிடம் இறக்குக்கூலி வாங்கக் கூடாது, கலந்து கொண்டுவந்தவரிடம் வாங்க வேண்டும். அந்த ஒரு வேறுபாடு போதும், ஜேசிபிக்காரர் முதல் நாள் எந்தச் சுவரில் கை வைப்பது என்று வீட்டுக்காரரிடம் கேட்பதற்கு.

அகஸ்தீஸ்வரம் தாலுகாவில் இடிப்பும் அதிகம், குளங்களும் அதிகம். முதல் 50 சென்ட்டை மாவட்ட நிர்வாகம் அங்கே காட்டட்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் வாய்க்காலும் தொட்டியும் வெட்டி முடித்துவிட்டால், கிரஷர் வரும்வரை பிரித்த குவியல்கள் மழையில் கெட்டுப்போகாமல் காத்திருக்கும்.

இப்படிக்கு,
கட்டுமானப் பணியில் இருப்போர் சிலர்,
நாகர்கோவில்.